பெரிய ஓட்டல் பில்லும் நம் கடைக் கல்லாவும்

நாரணாபுரம், சிவகாசி வட்டார வணிகர்கள் கொள்முதலுக்கும் வசூலுக்கும் மதுரை, சென்னை என்று போய் வருவது புதிதல்ல. முன்பெல்லாம் கையில் கட்டுச்சோறு இருக்கும். இல்லாவிட்டால் பஸ் நிலையத்துக்கு எதிரே கிடைத்ததைச் சாப்பிட்டுத் திரும்புவோம். இப்போது காலம் மாறிவிட்டது. வெளியூர்ப் பார்ட்டியை நல்ல இடத்தில் உட்கார வைத்துப் பேசினால்தான் வியாபாரம் படிகிறது. குடும்பத்தோடு போனாலும் பிள்ளைகள் அப்படிப்பட்ட இடத்தையே கேட்கிறார்கள்.

மெத்தென்ற நாற்காலி, குளுகுளு அறை, அவசரப்படுத்தாத பரிமாறுதல் எல்லாம் சுகம்தான். பில் வரும்போதுதான் நம் வியாபார புத்தி விழித்துக்கொள்கிறது. நாம் விற்கும் அதே தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே பல மடங்கு விலை. "அவர்கள் வாங்கலாம், நாம் கூலிங் சார்ஜ் என்று இரண்டு ரூபாய் வாங்கினால் மட்டும் குற்றமா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். இதற்கு விடை தெரிந்திருப்பது நமக்கு நல்லது.

உட்கார இடம் கொடுத்த ஓட்டல்

நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல் என்றால் சென்னையில் மூத்த தலைமுறையினர் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பெயரைத்தான் சொல்வார்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையற்கட்டு வேலையில் தொடங்கி, உட்லண்ட்ஸ் ஓட்டல்களை நிறுவிய கே. கிருஷ்ணராவ் ஆரம்பித்தது அது. 1962-ல் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்டது. மர நிழலில் காரை நிறுத்தினால் போதும். கார் கதவிலேயே தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே போய் உட்காரலாம். ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. சினிமாக்காரர்களும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளும் வியாபாரிகளும் அங்கேதான் சந்தித்துக் கொண்டார்கள். அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதால் 2008-ல் ஓட்டல் மூடப்பட்டது. 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

அங்கே விற்றது ஊரெங்கும் கிடைக்கும் இட்லியும் தோசையும்தான். ஆனால் ஜனங்கள் தேடிப் போனது அந்த இடத்துக்காக, அந்த நிதானத்துக்காக. ஓட்டல் தொழிலின் சூட்சுமம் இதுதான்.

நீதிமன்றம் சொன்னது

2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதே நியாயத்தைச் சொன்னது. ஓட்டலில் தண்ணீர் பாட்டில் கொடுப்பது வெறும் சரக்கு விற்பனை அல்ல. இடமும் பரிமாறுதலும் சேர்ந்த சேவை. ஆகவே அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது எடையளவுச் சட்டப்படி குற்றமாகாது என்பது அந்தத் தீர்ப்பு.

நம் கடை அப்படியல்ல. கல்லாவில் நின்றபடி சரக்கைக் கொடுத்துப் பணத்தை வாங்குகிறோம். எனவே கூலிங் சார்ஜ் என்ற பெயரில் ஒரு ரூபாய் கூட்டினாலும் குற்றம்தான். ஓட்டலை உதாரணம் காட்டித் தப்ப முடியாது. பிரிட்ஜ் கரண்டுச் செலவை நமக்குக் கிடைக்கும் மார்ஜினுக்குள்தான் சமாளிக்க வேண்டும்.

சேவைக் கட்டணம் கட்டாயமா?

சில ஓட்டல்கள் பில்லில் 10 சதவிகிதம் வரை 'சர்வீஸ் சார்ஜ்' போடுகின்றன. இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் விதிமுறை வெளியிட்டது. 2025 மார்ச் 28-ல் டில்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஓட்டல் சங்கங்கள் மேல்முறையீடு செய்தன. அந்த விசாரணையில் நீதிபதிகள் ஒரு கேள்வி கேட்டார்கள். 20 ரூபாய்த் தண்ணீரை 100 ரூபாய்க்கு விற்பதே சூழலுக்காக என்றால், அதற்கு மேல் சேவைக் கட்டணம் எதற்கு என்பதே அது. ஒரே சேவைக்கு இரண்டு முறை பணம் வாங்கலாமா என்று எந்த வியாபாரியும் கேட்கக்கூடிய கேள்விதான்.

எனவே அந்தக் கட்டணத்தை எடுத்துவிடச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவருக்கு மனமுவந்து கொடுக்கும் டிப்ஸ் வேறு விஷயம்.

பில்லில் கவனிக்க வேண்டியவை

1. சாதாரண ஓட்டல்களில், ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான். 2017 நவம்பர் 15 முதல் இதுவே நடைமுறை. வாடகை மிகுந்த அறைகள் கொண்ட நட்சத்திர ஓட்டல்களில் 18 சதவிகிதம்.

2. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள ஓட்டல் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது.

3. பார்ட்டிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்த பில்லுக்கு நாம் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. வியாபாரச் செலவாக எழுதலாம்; பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது செலவாக ஏற்கப்படாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஓட்டலின் விலையை நாம் பின்பற்ற முடியாது, சட்டம் விடாது. அதன் உபசாரத்தைப் பின்பற்றத் தடையில்லை. சிட்டையை நீட்டிவிட்டுச் சரக்குக்காகக் காத்திருக்கும் பெரியவருக்கு ஒரு ஸ்டூல், வெயிலில் வந்தவருக்குக் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர், விலை தெளிவாக எழுதிய பில், "வாங்க அண்ணாச்சி" என்ற ஒரு சொல். பெரிய ஓட்டல்காரர் இவற்றுக்குத்தான் பணம் வாங்குகிறார். நாம் இவற்றை இலவசமாகக் கொடுத்தால், டவுனிலுள்ள சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் வாடிக்கையாளரும் நம் கடைப்படி ஏறுவார்.