பால் குடிப்பதும் ஓர் உழைப்பே!

நூறு மீட்டர் ஓட்டத்தை முடித்த கையோடு ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடிக்க முடியுமா? நான்கு மிடறுக்குள் மூச்சு முட்டும். செம்பைக் கீழே வைத்துவிடுவோம். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள பல குழந்தைகளுக்கு ஒவ்வொரு வேளைப் பாலும் இப்படித்தான்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், அவற்றுள் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. வென்ட்ரிக்கிள் எனப்படும் இரண்டு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் துளை இருப்பது இவற்றுள் மிகவும் சாதாரணமானது. சிறு துளைகள் பெரும்பாலும் தாமே மூடிக்கொள்ளும். பெரிய துளைகளே தொல்லை தருபவை.

மூச்சும் மிடறும்

இடது கீழறையின் அழுத்தம் அதிகம். ஆகவே உடலுக்குச் செல்லவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி துளை வழியே வலப்புறம் பாய்ந்து, மீண்டும் நுரையீரலுக்கே போகிறது. நுரையீரலில் இரத்தம் மிகுந்து தேங்குவதால் குழந்தைக்கு மூச்சு இரைக்கிறது.

பிறந்த முதல் வாரத்தில் இது தெரியாமல் போகலாம். அப்போது நுரையீரல் இரத்தக் குழாய்கள் இன்னும் முழுவதும் விரிந்திருப்பதில்லை. சில வாரங்களில் அவை விரிந்ததும் கசிவு கூடுகிறது. “முதலில் நன்றாகத்தானே குடித்தது!” என்று தாய் திகைப்பதன் காரணம் இதுவே.

பாலை விழுங்கும் கணத்தில் மூச்சு நின்றாக வேண்டும். குழந்தை ஏறத்தாழ விநாடிக்கு ஒரு முறை உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விடுகிறது. நிமிடத்திற்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கும் குழந்தைக்கு அந்த இடைவெளி எங்கே கிடைக்கும்? சிறிது குடிக்கிறது, நெற்றி வியர்க்கிறது, களைத்து உறங்கிவிடுகிறது, பசியால் மீண்டும் அழுகிறது.

ஒரு கணக்கு

மூன்று கிலோ எடையுள்ள நலமான குழந்தைக்குக் கிலோவுக்கு 100 கலோரி வீதம் நாளொன்றுக்கு 300 கலோரி தேவை. 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 67 கலோரி உள்ளது. எனவே 450 மில்லி போதும். இதயமும் மூச்சுத் தசைகளும் ஓயாமல் உழைக்கும் குழந்தைக்கோ கிலோவுக்கு 150 கலோரி வரை வேண்டியிருக்கும். அதாவது சுமார் 670 மில்லி! ஒன்றரை மடங்கு குடிக்கவேண்டிய குழந்தையால் வழக்கமான அளவைக்கூடக் குடிக்க முடிவதில்லை. எடை எப்படி ஏறும்?

என்ன செய்கிறார்கள்?

சிறுகச் சிறுக, அடிக்கடி ஊட்டுவது முதல் வழி. ஒரு வேளைக்கு அரைமணிக்கு மேல் இழுத்தால் குடித்த சக்தி குடிப்பதற்கே செலவாகிவிடும். தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். அதுவும் முடியாவிட்டால் மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி வயிற்றுக்கு அனுப்புவார்கள். நுரையீரல் நீரைக் குறைக்க மருந்தும் உண்டு. பெரிய துளையை அறுவை செய்து மூடுவதே தீர்வு. அதன்பின் பல குழந்தைகள் நன்கு குடித்து எடை கூடுகின்றன.

1938இல் பாஸ்டன் நகரில் இராபர்ட் கிராஸ் என்ற மருத்துவர், ஒரு சிறுமியின் இதயத்தருகே மூடாமலிருந்த இரத்தக் குழாயைக் கட்டி வெற்றி கண்டார். பிறவி இதய அறுவை மருத்துவம் அதிலிருந்தே வளர்ந்தது. இன்று புதுவை மூலக்குளத்துத் தாய் ஒருத்தி இதற்காக வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், சில கிலோமீட்டர் தொலைவில் கோரிமேட்டில் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிறவி இதய நோய்க்கான பரிசோதனை நடக்கிறது.

ஆனால் முதலில் யாராவது கவனிக்க வேண்டுமே! “தாய்க்குப் பால் போதவில்லை”, “கண்ணேறு பட்டிருக்கிறது” என்று சொல்லி வாரங்களைக் கடத்திவிடுகிறார்கள். தாய்மேல் பழி, குழந்தைக்கோ இழப்பு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு கைக்குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்து இளைத்தால், எடை ஏறாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அதற்கான காரணத்தை எடுத்துச் சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும்.