பயணப் பையில் ஒரு ஷேவர்

மின்சவரக் கருவியைக் கடைத்தெருவில் ஷேவர் என்கிறார்கள். பெயரில் சவரம் இருந்தாலும் அதன் உறவு கத்தரிக்கோலோடுதான். பிளேடு தோலின் மேல் நேரடியாக ஓடி முடியைச் சீவுகிறது. ஷேவரிலோ துளைகள் நிறைந்த மெல்லிய உலோகத் தகடு மட்டுமே முகத்தில் படும். துளைக்குள் நுழைந்த முடியை, தகட்டுக்கு அடியில் விரைந்து அசையும் கத்தி துளையின் விளிம்போடு சேர்த்து நறுக்கிவிடும். தகட்டின் தடிமன் அளவுக்கு முடி மிஞ்சும் என்பது இந்த ஏற்பாட்டின் குறை. ஆனால் நல்ல தகட்டின் தடிமன் 0.05 மி.மீ. அளவுதான், தாடி முடியோ ஒரு நாளில் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை வளர்கிறது. மூன்று நான்கு மணி நேர வளர்ச்சியைப் பிளேடுக்கு விட்டுக்கொடுத்தால், குலுங்கும் ரயிலிலும் காயமில்லாமல் முகம் வழித்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவி பிறந்ததற்கே ஊர் சுற்றிய ஒருவரின் தொல்லைதான் காரணம். அமெரிக்க ராணுவ அதிகாரியாக இருந்த ஜேக்கப் ஷிக், கடுங்குளிர்ப் பகுதியில் தங்கம் தேடித் திரிந்த நாட்களில், தண்ணீரும் சோப்பும் இல்லாமல் சவரம் செய்ய ஒரு வழியை யோசித்தார். அவருடைய முதல் வடிவத்தில் மோட்டார் தனி, வெட்டும் தலை தனி; இரண்டையும் வளையும் தண்டு ஒன்று இணைத்தது. கைக்குள் அடங்கும் ஷேவர் 1931இல் நியூயார்க்கில் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நெதர்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனப் பொறியாளர் அலெக்சாந்தர் ஹோரோவிட்ஸ் உருவாக்கிய சுழல்தலை ஷேவர் 1939இலும், மெல்லிய துளைத்தகடு கொண்ட ஜெர்மனியின் பிரவுன் எஸ்50 ஷேவர் 1950இலும் வந்தன. இன்று கடையில் தொங்கும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை.

தகட்டுத் தலையில் (கடைக்காரர் ‘ஃபாயில்’ என்பார்) கத்தி இடவலமாக அதிரும். சாதாரண மாதிரிகளில் சுழலும் மோட்டாரின் அச்சில் மையம் விலகிய சிறு கட்டை ஒன்று இந்த அசைவைத் தருகிறது. விலை கூடிய சிலவற்றில் சுழற்சியே கிடையாது. மின்காந்தம் கத்தியை நேராக முன்னும் பின்னும் இழுத்து, நிமிடத்துக்குப் பதின்மூவாயிரம் பதினான்காயிரம் முறைகூட அதிரவைக்கிறது. ரோட்டரி எனப்படும் சுழல் தலையில் வட்டமான மூன்று தலைகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் சுழலும் சிறு கத்தி. கழுத்தில் திசைக்கொன்றாக வளரும் முடிக்குச் சுழல் தலை ஏற்றது, சத்தமும் குறைவு. நேராக வளரும் முடியைத் தகடு ஒட்ட வெட்டும். ஆனால் பையில் சாவிக்கொத்தோடு கிடந்தால் நசுங்கிக் கிழிவதும் தகடுதான். கிழிந்த தகடு முகத்தைக் கீறும் என்பதால் மூடி தொலைந்த ஃபாயில் ஷேவரைப் பயணத்தில் நம்ப முடியாது.

எத்தனை கத்தி, எத்தனை தலை என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். ஊர் ஊராகப் போகிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு: வெட்டிய முடி எங்கே போகிறது, அதை எப்படி வெளியே எடுப்பது? வீட்டில் இந்தக் கேள்வி பெரிதாகத் தோன்றாது. திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும் ஒரு மெடிக்கல் ரெப்புக்கோ, லாரி ஓட்டுநருக்கோ, கேரளா எக்ஸ்பிரஸில் புதுதில்லி போகிறவருக்கோ அது தினசரிப் பிரச்சினை. அந்த ரயில் 3,000 கி.மீ.க்கு மேல் ஏறத்தாழ 50 மணி நேரம் ஓடுகிறது. பயணிக்கு இரண்டு காலைகள் பெட்டிக்குள்ளேயே விடியும். கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் வழியாக திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் மூன்று நாளுக்கு மேல்.

ஒரு சவரத்தில் விழுவது ஒரு சிட்டிகைத் தூள். அது முடி மட்டுமல்ல. உதிர்ந்த தோல் செதிள், முகத்து எண்ணெய், பவுடர் எல்லாம் சேர்ந்தது. காய்ந்த ஊரில் தட்டினால் உதிர்ந்துவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் பெய்து, இடைப்பட்ட மாதங்களிலும் கடற்காற்று ஈரம் சுமந்து வரும் திருவனந்தபுரத்தில் அதே தூள் ஓரிரு நாளில் பசையாகி கத்தியடியில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் நடப்பதெல்லாம் அதன் விளைவு: மோட்டார் திணறும், தலை சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும், முடி வெட்டுப்படாமல் இழுபடும். கத்தி மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை நன்றாகக் கழுவிப் பார்ப்பது நல்லது.  

ரயில் பெட்டியின் கைகழுவும் தொட்டியில் குழாயை அழுத்திப் பிடித்திருந்தால்தான் தண்ணீர் வரும். ஒரு கை குழாய்க்கு. மிச்சம் ஒரு கைதான் ஷேவருக்கு. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் கீல் மேல் திறந்து, தலை தொங்கியபடியே நிற்கும் மாதிரியை அந்த ஒரு கையால் கழுவிவிடலாம். சில சுழல்தலை மாதிரிகளிலோ பிடிதகட்டைக் கழற்றி, மூன்று கத்திகளையும் மூன்று மூடிகளையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு கத்தியும் தன் மூடியோடு தேய்ந்து பொருந்தியது. மாற்றிப் போட்டால் மறுபடி பொருந்திவரச் சில வாரம் ஆகும். ஓடும் ரயிலில் அதில் ஒன்று தொட்டியின் ஓட்டைக்குள் போய்விட்டால் அதோடு பயணச் சவரம் முடிந்தது.

கழுவலாமா என்பதை ஷேவரின் உடம்பில் உள்ள படம் சொல்லும். குழாய்ப் படம் இருந்தால் தலையைத் தண்ணீரில் அலசலாம். குளியல் படம் இருந்தால் நனைந்த முகத்தில் நுரையோடும் பயன்படுத்தலாம். ஐபிஎக்ஸ்7 என்ற குறி, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுதல் வராது என்ற சோதனையைக் குறிக்கிறது. அது வெறும் நன்னீர்ச் சோதனை என்பதால் கோவளத்துக் கடலில் நனைக்கலாம் என்று அர்த்தமாகாது. எந்தக் குறியும் இல்லாத ஷேவருக்குத் தூரிகைதான் கதி. தூரிகையால் உள்கத்தியைத் துடைக்கலாம். மெல்லிய தகட்டைத் தேய்க்கக் கூடாது. தூரிகையின் முனை அதை வளைத்துவிடலாம்.

அலசும்போது ஒரு சொட்டு திரவ சோப்பு விட்டு, அரை நிமிடம் ஓடவிட்டு, பிறகு தலையைத் திறந்து மீண்டும் அலசினால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். தண்ணீரும் ஊருக்கு ஊர் வேறு. தமிழ்நாட்டு ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் தகட்டின் துளைகளில் வெள்ளையாகப் படியும். கேரளத்தின் செம்பாறைக் கிணறுகள் சிலவற்றில் இரும்புக்கறை. கடைசி அலசலுக்குக் குடிநீர் பாட்டிலிலிருந்து இரண்டு மடக்கு ஊற்றினால் போதும். அதைவிடப் பெரிய வேலை உலர்த்துவது. கழுவிய கையோடு மூடி போட்டுப் பைக்குள் திணித்த ஷேவர் மறுநாள் நாறும். பத்து விநாடி ஓடவிட்டு நீரை உதறி, தலை திறந்தபடி துண்டின் மேல் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓர் இரவு போதாமலும் போகலாம். காற்றுத்துளை உள்ள மூடி ஒரு சிறு விஷயம். ஆனால் ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் அதற்காகவே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம். ஷேவரைத் தானே கழுவி உலர்த்தும் பீடத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே மேல். அதன் சாராயக் கரைசல் ஆவியாகும், பையில் சிந்தும், இடத்தையும் அடைக்கும்.

சோப்பு அழுக்கோடு வழுவழுப்பையும் கொண்டுபோய்விடும். வாரம் ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் தேங்காய் எண்ணெய் இருக்கும் ஊர் திருவனந்தபுரம், சபலம் இயல்பு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். அங்கே அது பெரும்பாலும் பிரச்சினையில்லை. டிசம்பரில் அதே ஷேவர் தில்லியில் இறங்கும்போது கத்திக்கு நடுவே மெழுகாக நிற்கும். தையல் மெஷின் எண்ணெய்க்கு இந்தத் தொல்லை கிடையாது.

நனைந்த முகத்துக்கென்று செய்யப்படாத ஷேவர், வழக்கமான சவர முறையைத் தலைகீழாக்குகிறது. சலூனில் முகத்தை நனைத்து முடியை மென்மையாக்குவார்கள். பிளேடுக்கு அது உதவும். ஷேவருக்கு விறைத்து நிற்கும் காய்ந்த முடிதான் துளைக்குள் சரியாக நுழையும். ஆகவே குளிப்பதற்கு முன், வியர்வையைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் டால்கம் பவுடர் தடவிச் சவரம் செய்வது புழுக்கமான ஊர்களுக்கு ஏற்ற முறை. இன்னொன்று முடியின் நீளம். இரண்டு மூன்று நாள் வளர்ந்த முடி வரைதான் ஷேவரின் எல்லை. அதற்கு மேல் முடி மடங்கித் தகட்டுக்கு வெளியே படுத்துவிடும். 41 நாள் விரதத்துக்குப் பின் மாலை கழற்றிய ஐயப்ப பக்தர் நேராக ஷேவரை எடுத்தால் வலிதான் மிஞ்சும். முதலில் ட்ரிம்மரால் ஒட்ட வெட்டிவிட வேண்டும். ஷேவரின் முதுகில் மடங்கியிருக்கும் சிறு ட்ரிம்மர் கிருதாவுக்கும் மீசைக்கும் போதும். முழுத் தாடிக்குப் போதாது.

மின்சாரம் அடுத்த சிக்கல். ரயில் பெட்டிகளின் சார்ஜிங் பாயின்ட் பெரும்பாலும் 110 வோல்ட், வீட்டில் 230. அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இரண்டிலும் வேலை செய்யும். 220 அல்லது 230 மட்டும் என்றால் ரயிலில் உதவாது. இரவு 11 முதல் காலை 5 வரை அந்தப் பாயின்ட்களுக்கு மின்சாரத்தை நிறுத்திவைக்கும் வழக்கமும் உண்டு என்பதால், தூங்கும்போது சார்ஜ் ஏறட்டும் என்று விட முடியாது. லாரியில் பெரும்பாலும் 24 வோல்ட் பேட்டரி. 12–24 என்று குறித்த கார் சார்ஜரோடு யூஎஸ்பி கம்பியில் ஏற்றும் ஷேவர் அங்கே வசதி. கழுவக்கூடிய ஷேவர்களில் பெரும்பாலானவை கம்பி செருகியிருக்கும்போது ஓடாது. ஈரக் கையில் மின்கசிவு வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. சார்ஜ் தீர்ந்த காலையில் அது எரிச்சலூட்டும். ஐந்து நிமிடம் செருகினால் ஒரு சவரத்துக்குத் தாங்கும் விரைவு சார்ஜ் வசதி அங்கே கைகொடுக்கும். ஒரு சார்ஜில் 45 நிமிடம் ஓடும் ஷேவரைத் தினம் நான்கு நிமிடம் பயன்படுத்தினால் பதினோரு நாள் வரும். இதெல்லாம் வேண்டாம் என்பவருக்குப் பென்சில் செல்லில் ஓடும் சிறிய பயண ஷேவர்கள் உள்ளன. வெட்டும் வேகம் குறைவு. ஆனால் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

வளைகுடாவுக்குப் பறப்பவர்களுக்கு விமான விதிகள் தடையில்லை. ஷேவரின் லித்தியம் பேட்டரி சுமார் 3.6 வோல்ட், 0.8 ஆம்பியர்-மணி; பெருக்கினால் மூன்று வாட்-மணிகூட இல்லை. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவைப்படாது. கைப்பையில் வைப்பது நல்லது. பவர் பேங்கும் தனி பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும். பொத்தான் தற்செயலாக அமுங்கிப் பைக்குள்ளேயே ஓடாமலிருக்கப் பயணப் பூட்டு தேவை. துபாய், மஸ்கட் போன்ற இடங்களில் மூன்று தட்டைக் கால் பிளக். மின்னழுத்தம் இங்குள்ளதை ஒத்ததே.

வாங்கும் இடத்தில், எழுத்தாளர் ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளில் வரும் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவாக இருந்தாலும் பெரிய மாலாக இருந்தாலும், தலையை ஒரு கையால் திறந்து மூடிப் பார்க்கக் கேட்க வேண்டும். எத்தனை துண்டாகக் கழல்கிறது என்று எண்ண வேண்டும். அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் இருக்கிறதா என்று பார்க்கலாம். பிறகு மாற்றுத் தலையின் விலை. தகடும் கத்தியும் ஒன்றரை இரண்டு ஆண்டில் தேயும். மாற்றுத் தலை கிடைக்காத ஷேவர், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அத்தோடு குப்பை. கிடைத்தாலும் அதன் விலை சிலவற்றில் இயந்திர விலையில் பாதியைத் தொடும்.

லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜ் தாங்கும். பதினோரு நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு முப்பத்து மூன்றுதான். எண்ணிக்கையால் அது சாவதில்லை, சூட்டால் சாகும். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு அதற்கு மிக மோசமான இடம். தளர்ந்த பேட்டரியைப் பழுதுபார்ப்பவர் பற்றவைப்பை உருக்கி மாற்றித் தருவார். ஆனால் உடம்பைப் பிரித்ததும் நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்தின் பிடி போய்விடும். அப்படி மாற்றிய ஷேவரைத் தூரிகையால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். உடம்பில் குழாய்ப் படம் இருந்தாலும் குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது.