பனி விட்ட பிறகு பிரேக்கைப் பாருங்கள்

கனடா தேசத்து வின்னிப்பெக் நகரில் குளிர்கால இரவுகள் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்குவது அபூர்வமன்று. வாசலில் நிற்கும் காரின் எஞ்சினை மின்சாரத்தால் சூடேற்றி வைப்பது அங்கே நித்திய வழக்கம். அந்தச் சிரத்தையில் காற்பங்கேனும் பிரேக்குக்குக் கிடைப்பதில்லை என்பதே என் ஆதங்கம். எஞ்சின் கிளம்பாவிட்டால் மனிதர் வீட்டோடு இருப்பார். பிரேக் பிடிக்காவிட்டால் எங்கே போய் நிற்பார் என்பதை எவரும் சொல்ல இயலாது.

நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப் போல, முதலில் பெடலின் மீது காலை வைத்துப் பார்க்க வேண்டும். அது இறுகி நின்று, முழுப் பலத்தோடு மிதித்தாலன்றி வண்டி நிற்க மறுக்குமானால், பிரேக் ஆயில் உறைந்துவிட்டதென்று பழி சுமத்துவது பலருடைய சுபாவம். மைனஸ் 40 டிகிரியிலும் நல்ல ஆயில் தடித்துப் போகுமேயொழிய உறைவதில்லை. எஞ்சினின் உறிஞ்சு சக்தியைக் கொண்டு நம் கால்பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டருக்குச் செல்லும் குழாயிலோ, அதன் வால்விலோ ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டதா என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பல தடவை மிதித்து, அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பினால், பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிடில் பூஸ்டர் வேலை செய்யவில்லை.

பெடல் இறுகாமல் அடிவரை அமிழ்ந்து போவதோ இதனினும் அபாயகரமானது. குளிரில் விறைத்துச் சுருங்கிய ரப்பர் வளையத்தின் வழியாகவோ, சாலையில் தூவும் உப்பு அரித்த இரும்புக் குழாயின் வழியாகவோ ஆயில் கசிந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாமல், கட்டியிழுத்தே பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களைத் தொடாமல் அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் உஷ்ணம் மிகுந்திருந்தால் அங்கே பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக் கம்பியில் நீர் உறைந்ததும் காரணமாகலாம். அதன்மேல் வெந்நீர் ஊற்றுவது வீண், அதுவும் உறையும். காலையில் கேட்கும் கரகரப்பு இரவில் படிந்த துருவாயின், சில மிதிகளில் தேய்ந்து போகும்.

வெயில் கண்டதும் கோளாறு மறைந்துவிட்டதென்று மகிழ்வோருக்கு ஒரு வார்த்தை: ஈரம் உள்ளேயே இருக்கிறது, அடுத்த இரவில் மீண்டும் உறையும். பிரேக் ஆயிலும் நாளடைவில் நீரை ஈர்ப்பதே. புதிதாயிருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காத டாட் 3 ஆயில், நீர் சேர்ந்தபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக் கூடும். ஆகையால் குளிருக்கு முன்பே, அக்டோபரில், அதைப் பரிசோதித்து மாற்றிக்கொள்ளுங்கள்.