மயிலாப்பூர் வீட்டிலிருந்து ஒரு கணக்கு

மெரினாவில் காந்தி சிலை அருகே தொடங்கும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு முன்பு எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று பெயர். ரயில்வே கணக்குத் துறை அதிகாரி சி. சுப்பிரமணிய ஐயரின் ‘சந்திர விலாஸ்’ வீடு அந்தச் சாலையில்தான் இருந்தது. அவருடைய மூத்த மகன் சந்திரசேகர், வீட்டில் ‘சந்திரா’. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்த பையன். வீட்டில் கூப்பிட்ட அந்தப் பெயரைத் தாங்கிய எக்ஸ் கதிர் தொலைநோக்கி ஒன்று 1999 ஜூலை 23 முதல் விண்வெளியில் இருக்கிறது. பூமியிலிருந்து நிலவுக்குள்ள தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விலகிப் போய்த் திரும்பும் நீண்ட பாதை அதனுடையது.

விண்மீன்கள், வேற்றுக் கோள்கள், தொலைதூர விண்மீன் மண்டலங்கள் பற்றி அண்மையில் வந்திருக்கும் ஆய்வுகள் பலவற்றில் அந்தப் பையன் போட்ட கணக்கு ஒன்று இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

1928-ல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் ஆர்னால்ட் சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய நூலைத் தானாகவே படித்து முடித்திருந்த சந்திரா, அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். அந்த நூல் எழுதிய பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சொன்ன சொம்மர்ஃபெல்ட், இன்னும் அச்சில் வராத தம் கட்டுரையின் மெய்ப்புப் படிகளைக் கல்லூரி மாணவன் கையில் கொடுத்தார். அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் சந்திராவின் கட்டுரை வெளியானது. ஒரு பெரியவர் தாராளமாகக் கொடுத்த சில தாள்கள் எவ்வளவு தூரம் போயின என்று நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

1930 ஜூலை 31 அன்று, உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் போக பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. தாய் சீதாலட்சுமி அப்போது நோயாளி. பிள்ளை போய்த்தான் ஆக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னவர் அவர்தான். அடுத்த ஆண்டு, மகன் இங்கிலாந்தில் இருக்கும்போதே, காலமானார்.

கப்பலில் சந்திரா யோசித்தது, எரிபொருள் தீர்ந்த விண்மீனுக்கு என்ன ஆகும் என்பது. உயிரோடிருக்கும் விண்மீனில் ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, வெப்பம் வெளியே தள்ளுகிறது. எரிபொருள் தீர்ந்தால் ஈர்ப்பின் கைதான் ஓங்கும். விண்மீன் சுருங்கிச் சுருங்கி வெண்குறுமீன் ஆகும். வெள்ளைக் குள்ளன் என்றும் சொல்வார்கள். இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸுக்கு இப்படி ஒரு துணை உண்டு. சூரியன் அளவு நிறை, பூமி அளவு உருவம். அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் பல டன் எடை இருக்கும்.

அதற்கு மேலும் நசுங்காமல் அதைத் தாங்குவது எது? எலெக்ட்ரான்கள். மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதியில் நிற்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எவ்வளவு நெரிசல் ஆனாலும் ஒருவர் நிற்கிற இடத்தில் இன்னொருவர் நிற்க முடியாது. எலெக்ட்ரான்களும் ஒரே நிலையில் இரண்டு இருக்க ஒப்புவதில்லை. நெருக்க நெருக்க வேகமெடுத்து எதிர்த்துத் தள்ளும். இதை 1926-ல் விளக்கியவர் கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபவுலர். எல்லா விண்மீனும் கடைசியில் இப்படி அமைதியாக அடங்கிவிடும் என்றே அன்று நம்பினார்கள்.

சந்திரா ஒரு படி மேலே போனார். கனமான விண்மீனின் மையத்தில் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? சேர்த்துப் பார்த்தார். ஒளியைவிட வேகமாக ஓட வழியில்லாததால் எலெக்ட்ரான்களின் எதிர்ப்பு தேவையான அளவுக்கு ஏறவில்லை. குறிப்பிட்ட நிறைக்கு மேல் வெண்குறுமீன் தாக்குப்பிடிக்காது என்று கணக்கு சொன்னது. பின்னர் செம்மைப்பட்ட அந்த எண் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதுதான் இன்றைய ‘சந்திரசேகர் வரம்பு’.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரா இதை விளக்கி முடித்ததும், அக்காலத்தின் மாபெரும் வானியலறிஞர் ஆர்தர் எடிங்டன் எழுந்தார். விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்ற பொருளில் பேசினார். அரங்கம் சிரித்தது. 24 வயது இளைஞருக்கு அது எப்படி வலித்திருக்கும்! சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். நோபல் பரிசு வந்தது 1983-ல்.

வரம்பின் விளிம்பில் என்ன நடக்கிறது என்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறது. சுமார் 130 ஒளியாண்டு தொலைவில் ஒரு வெண்குறுமீனை 2021-ல் அறிவித்தார்கள். நிறை சூரியனைப் போல் ஏறக்குறைய 1.35 மடங்கு. உருவமோ நம் நிலவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. இரண்டு வெண்குறுமீன்கள் மோதி ஒன்றானதில் பிறந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. இன்னும் கொஞ்சம் நிறை கூடியிருந்தால் வெடித்துச் சிதறியிருக்கும்.

அப்படி வெடிப்பவைதான் ‘1ஏ வகை’ சூப்பர்நோவாக்கள். அவற்றின் உண்மையான பிரகாசத்தைக் கணிக்க முடியும் என்பதால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அவ்வளவு தொலைவு என்று கணக்கிடலாம். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-ல் கண்டது இவற்றை வைத்துத்தான். வரம்பை எட்டும் முன்பே வெடிப்பவையும் உண்டு என்று இப்போது பேசுகிறார்கள். 2003-ல் தென்பட்ட ஒரு வெடிப்பு, வரம்பைத் தாண்டி சூரியனைப் போல் இரு மடங்கு நிறையோடு வெடித்ததுபோல் இருந்தது. ஆய்வு இன்னும் முடியவில்லை.

இறந்த விண்மீனைச் சுற்றிக் கோள் இருக்குமா? வேற்றுக் கோள் தேடலில் சென்னைக்குப் பழைய உறவு ஒன்று உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வகத்தின் கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனுக்குக் கோள் இருக்க வாய்ப்பு அதிகம் என்று 1855-லேயே எழுதினார். அது நிலைக்கவில்லை. ஆனால் 2020-ல், 80 ஒளியாண்டு தொலைவில், ஒரு வெண்குறுமீனை 1.4 நாளுக்கு ஒருமுறை சுற்றும் வியாழன் அளவுக் கோள் அகப்பட்டது. தாய் விண்மீனைவிட ஏழு மடங்கு பெரிய பிள்ளை! 2025-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்தது: பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 87 டிகிரி செல்சியஸ். விண்மீன் ஊதிப் பெருத்துச் செத்தபோது இது எப்படித் தப்பியது என்பதுதான் கேள்வி. நம் சூரியனுக்கும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அதே கதி என்பதால் அது நம் கதையும்கூட.

வரம்பைத் தாண்டிய மிகப் பெரிய விண்மீன்கள் கருந்துளைகளாகலாம். அங்கே இன்னொரு புதிர் எழுந்தது. பிரபஞ்சம் பிறந்து சில பத்துக் கோடி ஆண்டுகளிலேயே பிரம்மாண்டக் கருந்துளைகள் எப்படி வந்தன? இறந்த விண்மீன் விட்டுச்செல்லும் சிறு கருந்துளை அவ்வளவு சீக்கிரம் வளர முடியாதே. வாயு மேகமே நேரடியாகச் சரிந்து பெரிய விதையாகியிருக்கும் என்ற கருத்தை வளர்த்தவர்களில் ஒருவர், கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன். அப்படிப் பிறந்த கருந்துளை இருந்தால் அதன் நிறை, சுற்றியுள்ள விண்மீன்களின் மொத்த நிறைக்கு ஈடாக இருக்கும் என்று அவர் குழு 2017-ல் கணித்தது.

2023 நவம்பரில் யுஹெச்இசட்1 என்ற விண்மீன் மண்டலத்தில் அதற்குப் பொருந்தும் ஒன்று கிடைத்தது. பிரபஞ்சத்துக்கு 47 கோடி வயதானபோது புறப்பட்ட ஒளி அது. மண்டலத்தைக் காட்டியது ஜேம்ஸ் வெப். அதன் நடுவில் கருந்துளை இருப்பதை எக்ஸ் கதிரில் காட்டிக்கொடுத்தது, இரண்டு வாரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த சந்திரா.