ஐந்து ஸ்பீக்கரும் பாடுகின்றன. ஆம்ப்ளிஃபயரில் ஏன் ‘பிசிஎம் 2.0’?

ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதியில் டிவி உருவாகிறது. அருகே சேரப்பணஞ்சேரி வீட்டில் அது ஹோம் தியேட்டரோடு இணைகிறது. படம் 5.1. ஆம்ப்ளிஃபயரோ ‘பிசிஎம் 2.0’, அதாவது சுருக்காத இரு தட ஒலி, என்கிறது. பழுதல்ல, உள்ளே நுழைவது என்ன என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது.

5.1-இல் ஐந்து முழு ஒலித்தடங்கள், அந்த ‘.1’ சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுக்கு மட்டும். டிவியே அந்த ஒலியைப் பிசிஎம்மாக மாற்றி அனுப்பினால் மிஞ்சுவது இரண்டே தடங்கள். ஆப்டிகல் வயரோ ஹெச்டிஎம்ஐ வயரின் சாதாரண ஏஆர்சி இணைப்போ சுருக்காத ஒலியில் அதற்கு மேல் தாங்காது. சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் என்றால் 5.1-ம் அதே வழியில் போகும்.

பிறகு பின் ஸ்பீக்கர்கள் எப்படி ஒலிக்கின்றன? இங்கேதான் அழகான கணக்கு இருக்கிறது. 1995-இல் டால்பி ஸ்டீரியோ எஸ்ஆரில் வந்த ‘குருதிப்புனல்’ படத்தின் நுட்பமும் இதுவே: நான்கு தடங்களை இரண்டுக்குள் மடித்து வைப்பது. இரு தடத்திலும் ஒரேபோல் இருக்கும் ஒலி நடுவுக்கு, பெரும்பாலும் வசனம். ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கினால் அது பின்பக்கம். ‘புரோ லாஜிக்’, ‘டால்பி சரவுண்ட்’ என்று திரையில் தெரிந்தால் ஆம்ப்ளிஃபயர் இப்படி ஊகித்துப் பிரிக்கிறது என்று பொருள். ஊகம் அசலுக்கு ஈடாகாது.

டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’மை விட்டு ‘பாஸ் த்ரூ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ தேர்ந்தெடுங்கள். படத்திலும் அதை ஓட்டும் செயலியிலும் 5.1 இருந்தால் ஆம்ப்ளிஃபயரில் ‘டால்பி டிஜிட்டல்’ என்று எழுத்து மாறும்.