எடைத்தட்டும் கருப்புப் பட்டையும்

கராத்தே கற்றவர்கள் இடுப்பில் கட்டும் கருப்புப் பட்டையை நாம் அறிவோம். தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும், ஏன், மருத்துவமனைகளிலும்கூட ‘பிளாக் பெல்ட்’ வாங்கியவர்கள் உண்டு. இவர்கள் யாரையும் அடிப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். ஒரு வேலை நடக்கும் முறையைப் புள்ளியியல் கொண்டு சீர்செய்யப் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். கல்லூரி வாசலை மிதிக்காத, கொல்கத்தாவில் போல்ட்டும் நட்டும் விற்கும் உனக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

வித்தை வந்த வழி

1924 மே மாதம் அமெரிக்காவில், தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில், வால்டர் ஷூவார்ட் என்ற இயற்பியலாளர் தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். அதில் ஒரு படம். நடுவே சராசரிக் கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். இதுதான் கட்டுப்பாட்டு வரைபடம். எந்த வேலையிலும் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் இருக்கவே செய்யும். அது எல்லைக்குள் நின்றால், அந்த முறையோடு கூடவே பிறந்தது என்று பொருள். எல்லையைத் தாண்டினால் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது, போய்த் தேடு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நஷ்டந்தான் மிச்சம்.

இந்த ஷூவார்ட் நம் நாட்டுக்கும் வந்தவர். 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய பேராசிரியர் மகலனோபிஸ் அழைத்து, 1947-48இல் இங்கே தங்கினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜப்பானியர் டகுச்சியும் 1954-55இல் இதே கழகத்தில் இருந்தார். டெமிங் 1950இல் ஜப்பானுக்குப் போய்ப் பாடம் சொன்னார். அவர் பெயரால் அடுத்த ஆண்டே அங்கே ஒரு பரிசு ஏற்பட்டது. அந்தப் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது, 1998இல், நம் சென்னையின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம். விதை விழுந்த ஊரில் நாம் குடியிருக்கிறோம்; அறுவடையை மட்டும் வெகுகாலம் அயலார் செய்தார்கள்.

1986இல் மோட்டரோலா நிறுவனத்துப் பொறியாளர் பில் ஸ்மித் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ‘சிக்ஸ் சிக்மா’ என்றார். சிக்மா என்பது சராசரியிலிருந்து அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம். மூன்று சிக்மாத் தரத்தில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 66,800 பிழை வரும். ஆறு சிக்மாவில் 3.4 மட்டுமே. 1995இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் கையில் எடுத்த பிறகு இது உலகெங்கும் பரவிற்று.

பயிற்சி எப்படி?

பிளாக் பெல்ட் பயிற்சி வழக்கமாக நான்கு வாரம். ஆனால் ஒரே மூச்சில் அல்ல. மாதத்துக்கு ஒரு வாரமாக நான்கு மாதம். இடைப்பட்ட நாளில் தம் வேலையிடத்துக்குத் திரும்பி, உண்மையான ஒரு பிரச்சினையைத் தீர்த்துக் காட்ட வேண்டும். தேர்வு எழுதினால் மட்டும் பட்டை கிடைக்காது. நம் புள்ளியியல் கழகமும் இப்பயிற்சியைத் தந்துவருகிறது.

படிகள் ஐந்து: வரையறு, அளவிடு, ஆராய், மேம்படுத்து, கட்டுக்குள் வை. இதில் என்னை மிகவும் கவர்ந்தது இரண்டாவது. பொருளை அளப்பதற்கு முன்னால் அளக்கும் கருவியையே அளக்கச் சொல்கிறார்கள். ஒரே பொருளை இரண்டு மூன்று பேர் பலமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும். விடை மாறி மாறி வந்தால் முதலில் தராசைக் கவனி, ஆளை அப்புறம் பார்க்கலாம்.

என் கிடங்கில் நடந்தது

1991இல் என் கிடங்கில் நான்கு பேர் ஐந்து கிலோப் பொட்டலம் போட்டுவந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 பொட்டலம். வாங்கும் தொழிற்சாலை, 50 கிராமுக்கு மேல் குறைந்த பொட்டலத்தைத் திருப்பி அனுப்பியது. எனக்குக் கோபம். மாலையில் எல்லாவற்றையும் மறுபடி நிறுத்து, யாருக்கு எத்தனை குறை என்று நோட்டில் எழுதினேன். எட்டும் அதற்கு மேலும் வந்தவருக்கு அரை நாள் கூலி கழித்தேன். இரண்டு மாதத்தில் ஒருவருக்கே மூன்று முறை கழித்தேன். ‘கை சுத்தமில்லை’ என்றும் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை.

2006இல் என் மகன் பிளாக் பெல்ட் பயிற்சிக்குப் போனான். பழகிப் பார்க்கப் பழைய கணக்கு ஏதாவது கொடுங்கள் என்றான். அந்த நோட்டைக் கொடுத்தேன். சராசரி 50க்கு 4 குறை. திட்ட விலக்கம் சுமார் 1.9, அதன் மூன்று மடங்கு 5.7. ஆக மேல் எல்லை 9.7. நால்வரின் புள்ளிகளில் ஒன்றுகூட அதைத் தாண்டவில்லை.

“அப்பா, நீங்க கூலி கழிச்சது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். தினம் நாலு பேர்ல யாராவது ஒருத்தர் பின்னாடி வந்துதானே ஆகணும்?” என்றான்.

அப்படியானால் அந்த 4 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “ஐந்து கிலோவுக்கு மேல ஒரு போல்ட்கூடப் போகக் கூடாதுன்னு உத்தரவு போட்டது யாரு?” என்றான். அரை அங்குல போல்ட் ஒன்று ஐம்பது, அறுபது கிராம் இருக்கும். கடைசி போல்ட்டைப் போட்டால் முள் மேலே போகும், எடுத்துவிட்டால் ஐம்பது கிராமுக்கு மேல் குறையலாம். எடுக்கச் சொன்னவன் நான். தொழிலாளி எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தக் குறை தீராது. 2006க்குள் எலெக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது. அன்றைக்கே மாற்றினேன்.

வந்தவாசிப் பக்கம் பிறந்த சமண நயினார் நான். குறைத்து அளந்து கொடுப்பது எங்கள் சிராவக நோன்பில் கள்ளாமைக்கு நேரும் குற்றம். தட்டில் குறைத்தது போதாதென்று கூலியிலும் அல்லவா குறைத்திருக்கிறேன்! ‘ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை’ என்று எதையும் அறுதியிட்டுப் பேசாத சியாத்வாதத்தைப் புள்ளியியலோடு இணைத்து மகலனோபிஸ் 1954இல் கட்டுரை எழுதினார். 1957இல் ஹால்டேனும் எழுதினார். அதையெல்லாம் தேடிப் பிடித்துப் படித்தவன் நான். படித்தது என் கிடங்கு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அந்த மனிதர் பீகாரில் சப்ரா பக்கத்துக்காரர். பலரிடம் விசாரித்தும் தகவல் கிடைக்கவில்லை. மூன்று அரை நாள் கூலி இன்றும் என் பேரேட்டில் பாக்கியாக நிற்கிறது.

கடையோ அலுவலகமோ நடத்தும் நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பட்டை வாங்க எல்லாராலும் முடியாது. ஒருவர்மேல் குற்றம் சொல்வதற்கு முன்னால், ஒரு மாதக் கணக்கை எழுதிவைத்துச் சராசரிக் கோடும் எல்லைக் கோடும் போட்டுப் பாருங்கள். புள்ளி உள்ளே இருந்தால் ஆளை விட்டுவிட்டு, நீங்கள் போட்ட உத்தரவை எடுத்துப் படியுங்கள்.