கல்பாசி: ஒரு கூட்டுக் குடித்தனம்!

குருமாவுக்கும் பிரியாணிக்கும் தாளிக்கிறீர்களே கல்பாசி, அது என்னவென்று தெரியுமா? பெயரில்தான் பாசி. உண்மையில் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம் அது! பாசி சூரிய ஒளியில் சமைத்துப் போடும். பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைக் காக்கும். இந்தக் கூட்டுயிருக்கு 'லைக்கன்' என்று பெயர். விஞ்ஞானிகள் அந்தப் பூஞ்சையின் பெயரையே குடித்தனத்துக்கும் வைக்கிறார்கள்.

பார்வைக்கு மூன்று வகை. பாறையில் பொருக்குப் போல ஒட்டியிருப்பது. இலை போல விரிவது. தாடி போலக் கிளைத்துத் தொங்குவது. நம் கல்பாசி இரண்டாவது வகை. இமயமலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மரப்பட்டை, பாறைகளின் மேல் வளர்கிறது.

இதற்கு வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், வாகனப் புகையின் நச்சையும் சேர்த்து! ஆகவே, ரோட்டோர மரத்தில் சுரண்டி எடுத்துக் கை வைத்தியம் செய்யாதீர்கள். நம்பகமான கடையில் வாங்கி, மண், மரப்பட்டைத் துணுக்குகளை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். மருந்தாகச் சாப்பிடுவதென்றால் வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள். இனிப்பு செய்கிற கடல்பாசி வேறு, இது வேறு.

வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் இது வளரும். கடைக்கு வருவதும் காட்டில் சேகரித்ததுதான். வாசனைக்கு ஒரு சிட்டிகை போதுமே, கை நிறைய எதுக்கு?